அளவு நாடாவோடு போங்கள்: உயரம் குறைந்தவர்கள் ட்ரயல்ஸ் பிரேம் வாங்கும் வழி

கல், கட்டை, சுவர் போன்ற தடைகளைக் காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிளிலேயே குதித்துக் கடக்கும் விளையாட்டுக்கு ட்ரயல்ஸ் என்று பெயர். அதற்கான சைக்கிள் வாங்கப் போனேன். என் உயரம் 157 செ.மீ. இந்த ஒரு தகவலைச் சொன்னதும் "பரவாயில்லை, ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்று விற்றவர் சொன்னார். நானும் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். 26 அங்குலச் சக்கரம், 1090 மி.மீ. வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம்) கொண்ட பிரேம். பதினொரு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். முன்சக்கரம் தூக்கினால் பாதி உயரத்தில் கை நீண்டுவிடும். அதற்கு மேல் இடுப்பைப் பின்னால் தள்ள உடம்பில் இடமே இருக்காது. பயிற்சி போதவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு ஒருநாள் நண்பர் ஒருவரின் 20 அங்குலச் சைக்கிளில் ஏறி, மூன்றாவது முயற்சியிலேயே பின்சக்கரத்தில் நான்கு குதி குதித்தேன். அன்றைக்குத்தான் கோளாறு என்னிடம் இல்லை, அளவில் என்று புரிந்தது.

நான் இழந்த நேரத்தையும் பணத்தையும் நீங்கள் இழக்க வேண்டாம். 150 முதல் 165 செ.மீ. வரை உயரமுள்ள பெரியவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சிறுவர்களுக்கு 16, 18 அங்குலச் சக்கரங்களில் தனி வகைகள் இருக்கின்றன. அது வேறு கணக்கு.

1. முதலில் உங்களை அளந்துகொள்ளுங்கள்

உயரம் மட்டும் போதாது. நான்கு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: செருப்பில்லாமல் உயரம், கைகளை இரு பக்கமும் விரித்தால் விரல்நுனியிலிருந்து விரல்நுனி வரை நீளம், கால் உள்நீளம் (சுவரில் சாய்ந்து நின்று, கவட்டியில் ஒரு புத்தகத்தை அழுத்திப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைக்கு), உடல் எடை.

கை விரிப்பு உங்கள் உயரத்தைவிட நான்கைந்து செ.மீ. கூடுதலாக இருந்தால், உங்கள் உயரத்துக்குச் சொல்லப்படும் பிரேமைவிடச் சற்று நீளமானது உங்களுக்குச் சரிப்படலாம். குறைவாக இருந்தால் இன்னும் சிறியதைத் தேடுங்கள். ஒரே உயரமுள்ள இருவருக்கு ஒரே பிரேம் பொருந்தாமல் போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். எடை எதற்கு என்றால், சில இலேசான பிரேம்களுக்கும் ஃபோர்க்குகளுக்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) எடை வரம்பு உண்டு. உத்தரவாதத் தாளில் சின்ன எழுத்தில் இருக்கும்.

சாதாரணச் சைக்கிள் வாங்கும்போது சீட் குழாயின் நீளத்தைப் பார்த்துச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று பிரிப்பார்கள். அந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். ட்ரயல்ஸ் சைக்கிளில் பெரும்பாலும் சீட்டே கிடையாது. நடுக்குழாய் முழங்காலுக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும். "கால் தரையில் எட்டுமா" என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை.

2. சக்கர அளவைத் தீர்மானியுங்கள்

மூன்று வகை இருக்கின்றன. போட்டிக்கு 20 அங்குலமும் 26 அங்குலமும். உலகப் போட்டிகளில் இவை தனித்தனிப் பிரிவுகள். தெருவிலும் பூங்காச் சுவர்களிலும் விளையாட 24 அங்குலம்.

20 அங்குல வகையில் வீல்பேஸ் பொதுவாக 960 முதல் 1020 மி.மீ. வரை. 26 அங்குலத்தில் 1060 முதல் 1100 வரை. 24 அங்குலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

உயரம் குறைந்தவர் யோசிக்க வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது, இதை யாரும் சொல்வதில்லை: உங்கள் பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? 20 அங்குலச் சைக்கிளில் கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சு தரையிலிருந்து ஏறத்தாழ 32 செ.மீ. உயரத்தில் இருக்கும். 26 அங்குலத்தில் அது 41 செ.மீ. அருகே போகும். ஒன்பது செ.மீ. என்பது படிக்கட்டின் அரைப்படி. தடுமாறிக் குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த அரைப்படியை உங்கள் முழங்கால் உணரும். ஒரு மணி நேரப் பயிற்சியில் நூறு முறையாவது இறங்குவீர்கள்.

என் கருத்து: 160 செ.மீ.க்குக் கீழே இருப்பவர் முதல் சைக்கிளாக 20 அங்குலம் வாங்குவதே நல்லது. 26 அங்குலம்தான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால் 1070 மி.மீ.க்குக் குறைவான வீல்பேஸ் கிடைக்கும்வரை காத்திருங்கள். பெரிய சக்கரம் கல், கட்டை மீது எளிதாக ஏறும் என்பது உண்மை. ஆனால் தூக்கவே முடியாத முன்சக்கரம் எதன் மீது ஏறப்போகிறது?

ஒரு பொறி: 20 அங்குல ட்ரயல்ஸ் சைக்கிளில் முன்சக்கரம்தான் 20 அங்குலம். பின்சக்கரம் பெரும்பாலும் 19 அங்குலம். டயர் உட்காரும் விட்டம் முன்னே 406, பின்னே 387 மி.மீ. சாதாரண 20 அங்குல டயர் பின்சக்கரத்தில் சேராது. ட்ரயல்ஸ் பொருட்கள் விற்பவரிடம்தான் கிடைக்கும். சைக்கிள் வாங்கும்போதே ஒரு பின்டயரைக் கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள்.

3. அட்டவணையில் எதைப் படிப்பது

ஒவ்வொரு பிரேமுக்கும் தயாரிப்பாளர் ஓர் அளவு அட்டவணை தருவார். தராத பிரேமை வாங்காதீர்கள். அதில் பத்துப் பன்னிரண்டு எண்கள் இருக்கும். உங்களுக்கு வேண்டியவை ஐந்து.

வீல்பேஸைப் பார்த்துவிட்டோம். குறைந்த வீல்பேஸ் சுருக்கமாகத் திரும்பும், எளிதாகத் தூக்கலாம். மிகக் குறைந்தால் பின்னால் மல்லாந்து விழவும் எளிது. 20 அங்குலத்தில் 970 முதல் 995 வரை என் போன்றவர்களுக்கு நல்ல வட்டாரம்.

அடுத்தது செயின்ஸ்டே: கிராங்க் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை. 20 அங்குலத்தில் 340 முதல் 360, 26 அங்குலத்தில் 375 முதல் 390 மி.மீ. வரை இருக்கும். பல பிரேம்களில் பின் அச்சு நீளவாக்கான பள்ளத்தில் உட்காருவதால் இது ஒரே எண்ணாக இருக்காது. "345–355" என்று வரம்பாகப் போட்டிருப்பார்கள். சக்கரத்தை முன்னுக்கு நகர்த்தினால் வீல்பேஸும் அதே அளவு குறையும். செயினில் அரை இணைப்பு ஒன்றைச் சேர்த்தோ நீக்கியோ இந்த வரம்புக்குள் விளையாடலாம். ரிம் பிரேக் (சக்கர வளையத்தைப் பிடிக்கும் பிரேக்) இருந்தால் ஒவ்வொரு முறையும் பிரேக் கட்டைகளைத் திரும்ப நேர்செய்ய வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான்.

மூன்றாவது பி.பி. உயரம் (பி.பி. என்பது பாட்டம் பிராக்கெட், கிராங்க் அச்சு உட்காரும் இடம்). கிராங்க் அச்சு சக்கர அச்சுகளின் கோட்டுக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பது. "+70" என்று போட்டிருந்தால் 70 மி.மீ. மேலே. சாதாரணச் சைக்கிள்களில் இது பெரும்பாலும் கோட்டுக்குக் கீழே இருக்கும்; ட்ரயல்ஸில் மேலே. உயர்ந்த பி.பி. பின்சக்கரத்தில் நிற்கும்போது சுறுசுறுப்பாக இருக்கும். தாழ்ந்தது இரு சக்கரமும் தரையில் இருக்கும்போது நிதானமாக இருக்கும்.

இங்கே ஒரு மறைந்த கணக்கு இருக்கிறது. செயின்ஸ்டே சாய்வாக அளக்கப்படுவது. 350 மி.மீ. செயின்ஸ்டேயும் +70 பி.பி.யும் இருந்தால், உங்கள் பாதத்துக்கும் பின் அச்சுக்கும் தரையை ஒட்டிய தூரம் 343 மி.மீ. மட்டும்தான். பி.பி. உயர உயர இது குறையும். எனவே இரண்டு பிரேம்களில் செயின்ஸ்டே ஒன்றே என்பதால் இரண்டும் ஒன்றுபோல் தூக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ரீச், ஸ்டாக் இரண்டும் கடைசி. கிராங்க் அச்சிலிருந்து ஹெட் டியூபின் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய்) மேல்நுனி வரை கிடைமட்டமாக அளந்தால் ரீச். செங்குத்தாக அளந்தால் ஸ்டாக். ட்ரயல்ஸ் அட்டவணைகள் பலவற்றில் இவை இருப்பதில்லை. மின்னஞ்சலில் கேளுங்கள். "ரீச் தெரியாது" என்று பதில் வந்தால், கிராங்க் அச்சின் நடுவிலிருந்து ஹெட் டியூபின் மேல்நுனி நடுவுக்கு நேராக நாடாவை வைத்து அளந்து படம் அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு முப்பது விநாடி ஆகும். அதைச் செய்ய மறுப்பவர் நாளை உத்தரவாதக் கோரிக்கைக்கு எப்படிப் பதில் சொல்வார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

4. காலுக்கும் கைக்கும் உள்ள தூரம்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். சீட் இல்லாத சைக்கிளில் உங்கள் உடம்பு தொடும் இடங்கள் இரண்டே: பெடல், கைப்பிடி. இவற்றுக்கு இடைப்பட்ட தூரம் பொருந்தினால் பாதிச் சண்டை முடிந்தது.

அளக்கும் முறை எளிது. இரண்டு கைப்பிடிகளின் மேலும் படும்படி ஒரு நேரான குச்சியைக் குறுக்கே வையுங்கள். கிராங்க் அச்சின் நடுவிலிருந்து குச்சியின் நடுவுக்கு நாடாவை இழுங்கள். அவ்வளவுதான். பிரேம், ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கின் தண்டோடு இணைக்கும் துண்டு), ஸ்பேசர் (அந்தத் தண்டில் அடுக்கும் வளையம்), ஹேண்டில்பாரின் வளைவு எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வந்துவிடும்.

என் பழைய 26 அங்குலச் சைக்கிளில் அது 85 செ.மீ. நண்பரின் 20 அங்குலத்தில் 80. இப்போது ஓட்டுவதில் 79. ஐந்தாறு செ.மீ. என்று எழுதும்போது அற்பமாகத் தெரிகிறது. ஆனால் பின்சக்கரத்தில் நிற்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். கைகள் நீட்டியபடி, இடுப்பு பின் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும், முழங்கால் சற்று மடிந்திருக்க வேண்டும். அந்த மடிப்பிலிருந்துதான் அடுத்த குதிக்கான விசை பிறக்கிறது. தூரம் கூடினால் ஹேண்டில்பார் உங்களை முன்னுக்கு இழுத்து வைத்துக்கொள்ளும். இடுப்பைப் பின்னால் கொண்டுபோக முழங்காலை நீட்ட வேண்டிவரும். முழங்கால் நீண்டுவிட்டால் குதிக்க மிச்சம் எதுவும் இருக்காது. தூரம் மிகவும் குறைந்தாலோ முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். முன்சக்கரம் தேவைக்கு மேல் துள்ளும்.

என் 79 உங்களுக்குச் சரிப்பட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கைநீளம், கால்நீளம், ஓட்டும் பாணி எல்லாம் சேர்ந்து உங்களுக்கென்று ஓர் எண் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி அடுத்த படி.

5. இரவல் சைக்கிளில் அரை மணி நேரம்

பிரேமுக்குப் பணம் கட்டுவதற்கு முன் குறைந்தது இரண்டு வெவ்வேறு சைக்கிள்களிலாவது ஏறிப் பாருங்கள். ட்ரயல்ஸ் ஓட்டுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் புதியவரைக் கண்டால் அவர்களுக்கு மகிழ்ச்சி. கேட்டால் தருவார்கள். பிரேக் எந்த அளவு கூர்மையாகப் பிடிக்கும் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சொரசொரப்பாக்கிய ரிம்மில் ஒரு விரலே போதும், பழக்கமில்லாதவரை அது தூக்கி எறிந்துவிடும். ஹெல்மெட்டும் முழங்கால், கணுக்கால் காப்பும் உங்களுடையதாக இருக்கட்டும்.

முதலில் சமதரையில் இரு பெடல்களும் கிடைமட்டமாக இருக்க நின்று பாருங்கள். முழங்கால் இலேசாக மடிந்து, கைகள் இறுகாமல் நீண்டிருக்க, கழுத்து விறைக்காமல் நிற்க முடிகிறதா? தோள்கள் காதுவரை ஏறிக்கொண்டால் ஹேண்டில்பார் உயரம் அதிகம்.

அடுத்து, முழங்கால் உயரமுள்ள உறுதியான பெட்டி அல்லது திண்ணையின் மேல் முன்சக்கரத்தை வையுங்கள். பின்பிரேக்கைப் பிடித்தபடி, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். கைகள் முழுதாக நீளும்போது முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்று பக்கத்திலிருப்பவரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நம் உடம்பைப் பற்றி நாம் நினைப்பதும் படத்தில் தெரிவதும் ஒன்றாக இருப்பதே இல்லை. நான் ஆழமாக மடிந்து நிற்பதாக நம்பிய நாள்களில் படத்தில் கம்பம்போல நின்றிருந்தேன்.

இறங்கியதும் குச்சியையும் நாடாவையும் எடுத்து அந்தச் சைக்கிளின் தூரத்தை அளந்து, பக்கத்தில் "இறுக்கம்", "சுகம்", "நீளம்" என்று ஒரு சொல் எழுதுங்கள். இரண்டு மூன்று சைக்கிள்கள் ஆனதும் உங்கள் எண் தானாகத் தெரியும்.

6. ஸ்டெம் கணக்கு, அதன் எல்லை

"பிரேம் கொஞ்சம் பெரிசா? சின்ன ஸ்டெம் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். பாதி உண்மை. செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டும் வேலையாக அது மாறாதவரை நல்லதுதான்.

ஸ்டெம்மில் இரண்டு எண்கள்: நீளம், சாய்வு. 165 மி.மீ., 35 டிகிரி என்றால் அது தரையோடு 35 டிகிரியில் நிற்கிறது என்று பொருள் அல்ல. ஹெட் டியூப் பின்சாய்ந்திருப்பதால் அந்தச் சாய்வும் சேரும். ஹெட் கோணம் (ஹெட் டியூப் தரையோடு நிற்கும் கோணம்) 72 என்றால் 18 டிகிரி கூடி, ஸ்டெம் தரையோடு 53 டிகிரியில் நிற்கும். இதை வைத்துப் போட்ட கணக்கு:

165 மி.மீ., 35 டிகிரி: முன்னுக்கு 99, மேலே 132 மி.மீ.
150 மி.மீ., 35 டிகிரி: முன்னுக்கு 90, மேலே 120 மி.மீ.
150 மி.மீ., 30 டிகிரி: முன்னுக்கு 100, மேலே 111 மி.மீ.

முதலாவதையும் மூன்றாவதையும் ஒப்பிடுங்கள். முன்னுக்கான தூரம் கிட்டத்தட்ட மாறவே இல்லை. உயரம் மட்டும் இரண்டு செ.மீ. இறங்கிவிட்டது. "ஹேண்டில்பார் உயரமாக இருக்கிறது, ஆனால் நீளம் சரி" என்பவருக்கு மூன்றாவது மருந்து. "எல்லாமே கொஞ்சம் தள்ளி இருக்கிறது" என்பவருக்கு இரண்டாவது. இந்த வேறுபாடு தெரியாமல் நான் மூன்று ஸ்டெம் வாங்கினேன். இரண்டு இன்னும் அலமாரியில் தூங்குகின்றன.

ஸ்டெம்முக்குக் கீழே இருக்கும் ஸ்பேசர்களும் உதவும். 5 மி.மீ. ஸ்பேசர் ஒன்றை எடுத்து மேலே போட்டால் ஹேண்டில்பார் ஏறத்தாழ 5 மி.மீ. இறங்கி, ஒன்றரை மி.மீ. முன்னே போகும். செலவில்லாத திருத்தம் என்பதால் இதையே முதலில் செய்யுங்கள். அடுத்த மலிவான திருத்தம் ஹேண்டில்பாரை வெட்டுவது. புதிதாக வரும்போது 720, 740 மி.மீ. அகலம் இருக்கும். குறுகிய தோள் உள்ளவருக்கு அது கைகளை அகட்டி மார்பைக் கீழே இழுக்கும். ஒரு பக்கத்துக்கு 5 மி.மீ. மட்டும் வெட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்த 5. வெட்டியதை ஒட்ட முடியாது.

எல்லை எங்கே? ஸ்டெம் மாற்றினால் கை எட்டும் தூரம் மாறும், வீல்பேஸ் மாறாது. நீளமான பிரேமில் குட்டி ஸ்டெம் போட்டால் உங்கள் எடை முன்சக்கரத்தின் மேல் போதுமான அளவு வராது. முன்சக்கரத்தில் துள்ளித் திரும்பும் வித்தைகள் வசப்படாது. ஸ்டெம்மை 15 மி.மீ. வரை குறைப்பதைத் திருத்தம் என்பேன். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிரேம் தவறு.

7. வெறும் பிரேமா, முழுச் சைக்கிளா

தலைப்பில் பிரேம் என்று போட்டுவிட்டு இப்படிச் சொல்வது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம்: முதல் முறை வாங்குபவர் முழுச் சைக்கிளாக வாங்குங்கள். அளவு பொருந்தும் முழுச் சைக்கிள் கிடைக்காதபோது மட்டும் தனி பிரேமுக்குப் போங்கள். தனித்தனியாக வாங்கிக் கோர்த்தால் அதே தரத்துக்குச் செலவு எப்போதும் கூடும். என் கணக்கு நோட்டில் பிரேமின் விலை மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்குதான். மீதி ஃபோர்க், சக்கரங்கள், பிரேக், கிராங்க், ஃப்ரீவீல் என்று போயிற்று. பிரேம் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று பாய்ந்தவர்கள் எல்லாரும் வந்து விழும் குழி இது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மூன்று செலவுகளை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது அனுப்புகூலி: கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் பருமனையும் கணக்கிட்டு எது அதிகமோ அதற்கு வசூலிக்கும். ஒன்றரைக் கிலோ பிரேம் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். இரண்டாவது சுங்க வரி: பல நாடுகளில் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்புகூலியும் சேர்ந்த தொகைக்குக் கணக்கிடுவார்கள். மூன்றாவது, அளவு சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும் கூலி. அது பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். அளந்துவிட்டு வாங்குவதன் உண்மையான லாபம் இந்த மூன்றாவதில் இருக்கிறது.

8. பிரேமோடு எவை சேரும் என்று சரிபாருங்கள்

தனி பிரேம் என்றால் பணம் கட்டும் முன் விற்பவரிடம் இவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: பின் ஹப்புக்கான (சக்கரத்தின் நடுப்பகுதி) இடைவெளி (20 அங்குலத்தில் 110 அல்லது 116, 26 அங்குலத்தில் பொதுவாக 135 மி.மீ.), ஹெட் டியூபின் வகை, பாட்டம் பிராக்கெட்டின் அகலமும் மரையும், பிரேக் வகை. பிரேக் விஷயத்தில் கவனம் தேவை. ஹைட்ராலிக் ரிம் பிரேக்குக்கு நான்கு திருகுத் துளைகள் உள்ள பிரேம் வேறு, டிஸ்க் பிரேக்குக்கான பிரேம் வேறு. ஒன்றில் மற்றொன்றை மாட்ட முடியாது.

ஃபோர்க்கும் பிரேமும் ஒரே தயாரிப்பாளருடையதாக இருந்தால் நிம்மதி. ஃபோர்க் 10 மி.மீ. நீளமானால் முன்பகுதி உயர்ந்து, ஹெட் கோணம் படுத்து, அட்டவணையில் நீங்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்த எண்கள் எல்லாம் நழுவிவிடும்.

கை சிறியதாக இருப்பவர்கள் பிரேக் லீவரை மறக்காதீர்கள். லீவர் கைப்பிடிக்கு அருகில் வரும்படி திருகிக் கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விரலின் முதல் கணு லீவரின் நுனிக் கொக்கியில் சுகமாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் முன்கை எரியும், பயிற்சி பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

9. பழைய பிரேம் என்றால்

உயரம் குறைந்தவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு: வளரும் பிள்ளைகள் ஓட்டிவிட்டு விற்கும் குறுகிய பிரேம்கள் பழைய சந்தையில் வரும். ஆனால் ட்ரயல்ஸ் பிரேம் மெல்லிய அலுமினியக் குழாய். அடி வாங்குவதே அதன் தொழில். அலுமினியம் களைத்தால் எச்சரிக்காமல் விரியும்.

துணியால் துடைத்துவிட்டு, விளக்கைச் சாய்வாகப் பிடித்து, ஹெட் டியூபின் கீழ்ப்பக்க வெல்டிங், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, பிரேக் பொருத்தும் துளைகள், பின் அச்சு உட்காரும் இடம் ஆகிய நான்கையும் பாருங்கள். பெயின்டில் மயிரிழை போன்ற கோடு இருந்து, அதில் நகம் தட்டினால் விட்டுவிடுங்கள். அடிப்பாகத்தில் கீறலும் நசுங்கலும் சகஜம், அவற்றுக்காகப் பயப்பட வேண்டாம். "வெல்டிங் வைத்துச் சரிசெய்தது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். புதுப் பெயின்ட் அடித்த பழைய பிரேமுக்கும் அதே மரியாதைதான்.

10. காகிதங்கள்

பில் உங்கள் பெயரில், பிரேம் எண்ணோடு இருக்க வேண்டும். எண் பெரும்பாலும் பாட்டம் பிராக்கெட்டின் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். சைக்கிளைக் கோர்ப்பதற்கு முன்பே அதைப் படம் எடுத்துவிடுங்கள். கல்லில் உரசி உரசி ஆறு மாதத்தில் எண் தேய்ந்துபோகலாம். எண் படிக்க முடியவில்லை என்று என் கோரிக்கை ஒன்று தள்ளுபடியானது இப்படித்தான்.

உத்தரவாதத் தாளில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: எத்தனை மாதம், இரண்டாவது உரிமையாளருக்குச் செல்லுமா, போட்டியில் ஓட்டினால் செல்லுமா. இரண்டாவதற்குப் பெரும்பாலும் செல்லாது. எனவே பழைய பிரேம் வாங்கும்போது "இன்னும் உத்தரவாதம் இருக்கிறது" என்ற பேச்சுக்கு விலையில் இடம் கொடுக்காதீர்கள். பெட்டி வந்ததும் பிரிப்பதைப் படம் எடுங்கள். வழியில் நசுங்கியிருந்தால் கூரியரிடம் காட்ட அதைத் தவிர வேறு சாட்சி இல்லை. சுங்கத்தில் கேட்டால் கொடுக்க அடையாளச் சான்றின் நகலும் பணம் செலுத்திய ரசீதும் தயாராக இருக்கட்டும். அளவு அட்டவணையையும் ஒரு நகல் எடுத்து வையுங்கள். மாதிரி மாறும்போது தயாரிப்பாளர்கள் பழையதை நீக்கிவிடுகிறார்கள்.

11. எவ்வளவு காலம் ஆகும்

இரவல் சைக்கிள் தேடி அளக்க மூன்று வாரம், அட்டவணை ஒப்பிட்டு மின்னஞ்சல் பதில் வாங்க இரண்டு வாரம், பொருள் வந்து சேர ஐந்து வாரம், கோர்க்க ஒரு வாரக்கடைசி. என் இரண்டாவது முறை இப்படிப் போனது. முதல் முறை எல்லாம் நான்கு நாளில் முடிந்தது; விளைவைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். சிறிய அளவுகளை எப்போதும் குறைவாகவே தயாரிக்கிறார்கள். புது மாதிரிகள் வெளியான உடனே அவை தீர்ந்துவிடும். கையிருப்பு வந்தால் தெரிவிக்கும்படி சொல்லி வையுங்கள்.

சைக்கிள் வந்ததும் ஃபோர்க்கின் தண்டை உடனே வெட்டிவிடாதீர்கள். கடைக்காரர் அழகாக இருக்கும் என்று வெட்டக் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். மிச்சத் தண்டுக்கு மேலே ஸ்பேசர்களை அடுக்கி, இரண்டு வாரம் ஓட்டி, ஹேண்டில்பார் உயரத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு குச்சி வைத்து அளந்து தேதியோடு எழுதுங்கள். தண்டு நெஞ்சில் குத்திவிடாமல் இருக்க அந்த நாள்களில் பெரிய தாவல் எதுவும் வேண்டாம், சமதரையில் சமநிலைப் பயிற்சி மட்டும். எண் ஒரு வாரம் மாறாமல் நின்றபிறகு, அதற்கும் மேலே ஒரு 5 மி.மீ. ஸ்பேசருக்கு இடம் விட்டு வெட்டுங்கள்.